பேட்டன்ட் ஆபீஸ் கடிதம் எந்த முகவரிக்கு வரும்?

கேள்வி இதுதான். பொள்ளாச்சிப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், தேங்காய் மட்டை உரிக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டிருக்கிறார். போட்டுக் கொடுத்தது ஊரில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருக்கும் தம்பி. பரிசோதனைக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. 14 மாதமாகியும் ஒரு தபால்கூட வரவில்லை, காகிதத்தில் ஒரு செட் அனுப்பியிருக்க வேண்டுமோ, சென்னை கிண்டியில் இருக்கும் பேட்டன்ட் ஆபீஸுக்கே நேரில் போய்க் கேட்டுவிடலாமா என்கிறார்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். இந்தியப் பேட்டன்ட் ஆபீஸின் தேடுதளம் இன்பாஸ். அதில் அப்ளிகேஷன் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து உங்கள் விண்ணப்ப எண்ணைப் போடுங்கள். லாகின் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 12 இலக்க எண் அது. முதல் நான்கு ஆண்டு, ஐந்தாவது ஆபீஸ் (1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை), ஆறாவது விண்ணப்ப வகை, மீதி ஆறும் வரிசை எண். உங்களுடையது 202441 என்பது போலத் தொடங்கினால் சென்னையில் போட்ட சாதாரண விண்ணப்பம் என்று அர்த்தம். கேப்சாவைச் சரியாக அடித்து உள்ளே போனால் பக்கத்தின் கீழே ஸ்டேட்டஸ் வரி ஒன்று இருக்கும். அதில் பரிசோதனைக்காக வரிசையில் நிற்கிறது என்று இருந்தால் நிம்மதி. எஃப்இஆர் அனுப்பியாகிவிட்டது, பதில் தாக்கல் செய்யப்படவில்லை என்று இருந்தால், அதாவது உங்கள் விண்ணப்பத்தில் கண்ட ஆட்சேபங்களைச் சொல்லும் முதல் பரிசோதனை அறிக்கை உங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று இருந்தால், உடனே அதன் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் போட அன்றிலிருந்து ஆறு மாதம்தான்.

‘எனக்கு வரவே இல்லையே’ என்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

காப்புரிமை விதிகள் 2003-இல் விதி 5 என்று ஒன்று உண்டு. விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் தகவல் தொடர்புக்கு ஒரு முகவரி தர வேண்டும், அதில் இந்தியாவுக்குள் ஒரு அஞ்சல் முகவரியும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்த விதி 6. அந்த முகவரிக்கு அனுப்பிய கடிதம் சரியான முகவரிக்கு அனுப்பியதாகவே கருதப்படும்; மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும்; கடிதத்தின் தேதி என்பது அதை அனுப்பிய தேதி. நீங்கள் திறந்த தேதி இல்லை, படித்த தேதியும் இல்லை. ஸ்பாமில் கிடந்தாலும் அனுப்பிய அன்றே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். பழைய காலம்போல ரிஜிஸ்டர் தபாலில் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு திரும்பிப் போகும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் எழுதியதில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரிக்கு வருகிறேன்: ‘எனக்கு மெயில் ஐடி இல்லாததால் அந்தத் தம்பியே அவர் ஐடியைப் போட்டுவிட்டார்’. படித்ததும் வயிற்றைக் கலக்கியது. பேட்டன்ட் ஆபீஸைப் பொறுத்தவரை உங்கள் வாசல் அந்தத் தம்பியின் இன்பாக்ஸ்தான். மின் கட்டணம், பட்டா, பாஸ்போர்ட் என்று நூறு பேருக்கு விண்ணப்பம் போட்ட அதே ஐடியில் உங்கள் எஃப்இஆர் எங்கேயோ புதைந்து கிடக்கலாம். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், உதவி செய்யப் போய் செய்திருக்கிறார். (ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விண்ணப்பத்தை நீங்களே போட்டுக்கொள்ளச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்டாக இல்லாதவர் அதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று சட்டப் பிரிவு 129 சொல்கிறது. அடுத்த முறைக்கு நினைவிருக்கட்டும்.)

இந்தக் கதை ப்ரௌசிங் சென்டரோடு நிற்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் வேலை பார்த்த கல்லூரியின் மெயிலைக் கொடுத்து விண்ணப்பித்தார். இரண்டு வருடம் கழித்து வேறு கல்லூரிக்கு மாறினார், பழைய இடத்தில் அவர் கணக்கை மூடிவிட்டார்கள். எஃப்இஆர் அந்த மூடிய பெட்டிக்குப் போனது. அவர் என்னிடம் வந்தபோது ஒன்பது மாதம் ஓடியிருந்தது, ஸ்டேட்டஸ் வரியில் பிரிவு 21(1)-இன் கீழ் கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது என்று இருந்தது. அந்தக் கண்டுபிடிப்பில் ஒரு குறையும் இல்லை. எஃப்இஆரில் கேட்டிருந்தது இரண்டு சின்னத் திருத்தமும் ஒரு பழைய ஆவணத்தோடு ஒப்பீடும்தான், உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் பதில் எழுதியிருக்கலாம்.

அப்படி ஆனால் வழியே இல்லையா என்றால், குறுகலான வழிகள் உண்டு. கடிதம் உண்மையிலேயே தாமதமாகக் கிடைத்தது என்றால், கிடைத்த உடனே காரணத்தையும் ஆதாரத்தையும் வைத்து மனுப் போடலாம் என்று விதி 6 சொல்கிறது. ‘உடனே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2024 மார்ச் 15 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில், கெடு தவறியவர்களுக்கு அவகாசம் தரும் விதி 138-ஐயும் தளர்த்தியிருக்கிறார்கள், அவகாசம் கேட்கும் படிவமான படிவம் 4-இல் கேட்டால் ஆறு மாதம் வரை கன்ட்ரோலர் (பேட்டன்ட் ஆபீஸில் முடிவெடுக்கும் அதிகாரி) தாமதத்தை மன்னிக்கலாம். மாதக் கணக்கில் கட்டணம், சாதாரண அவகாசக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அதையும் தாண்டினால் ஹைகோர்ட்தான். 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஐரோப்பிய யூனியனின் வழக்கு ஒன்று வந்தது. எஃப்இஆருக்குப் பதில் போடாமல் ஏஜென்ட் கோட்டை விட்டதால் விண்ணப்பங்கள் கைவிடப்பட்டதாகிவிட்டன. கைவிடும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இல்லை என்று பார்த்து நீதிமன்றம் அவற்றை மீட்டுக்கொடுத்தது. ஐரோப்பிய யூனியனுக்கு வக்கீல் வைக்க முடியும். மட்டை உரிக்கும் கருவிக்கு ரிட் மனு வரை போவது கட்டுப்படியாகுமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் செய்ய வேண்டியது இது. உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணோடு சேர்த்து, புதிதாக ஒரு மின்னஞ்சல் ஐடி தொடங்குங்கள், பேட்டன்ட் தவிர வேறு எதற்கும் அதைக் கொடுக்காதீர்கள். பிறகு படிவம் 13 போட்டு தொடர்பு முகவரியை மாற்றுங்கள். முகவரி மாற்றத்துக்குத் தனிநபர் கட்டணம் 320 ரூபாய். இதைச் செய்யாமல் ‘இனி இந்த ஐடிக்கு அனுப்பவும்’ என்று ஆபீஸுக்கு ஒரு மெயில் மட்டும் தட்டிவிட்டால் பதிவில் எதுவும் மாறாது. நிறையப் பேர் செய்யும் தப்பு இது. மாற்றம் பதிவாகும் வரை பழைய ஐடிக்கும் கடிதம் போகலாம் என்பதால் அந்தத் தம்பியிடம் ஃபார்வர்டு போட்டு வைக்கச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே தேடிப் பாருங்கள். தேடும்போது உங்கள் பெயரைத் தேடாதீர்கள், விண்ணப்ப எண்ணைத் தேடுங்கள்.

மாதம் ஒரு தடவை, சம்பளம் போடும் நாளோ அமாவாசையோ உங்களுக்கு எது மறக்காதோ அன்று, இன்பாஸில் ஸ்டேட்டஸ் பாருங்கள். மெயிலை மட்டும் நம்பாதீர்கள். நான் தொழிலாகச் செய்கிறவன், அப்படியும் திங்கட்கிழமை காலையில் எல்லா எண்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் டீ குடிப்பதில்லை.

அடுத்து, காகித செட். வேண்டாம். ஆன்லைனில் தாக்கல் செய்ததற்கு இன்னொரு காகிதப் பிரதி அனுப்பத் தேவையில்லை. ஏஜென்ட்டுகளாகிய நாங்கள் மின்னணு முறையில் மட்டுமே தாக்கல் செய்ய வேண்டும் என்று 2016-இலிருந்து விதியே இருக்கிறது. மூலப் பத்திரங்களைக்கூட ஸ்கேன் செய்துதான் ஏற்றுகிறோம், 2019 திருத்தத்துக்குப் பிறகு கன்ட்ரோலர் கேட்டால் மட்டும் 15 நாளுக்குள் மூலத்தைக் கொடுக்க வேண்டும். உங்களைப்போல நேரடியாக விண்ணப்பிப்பவர்கள் காகிதத்தில் போடலாம், தடையில்லை, கட்டணம் மட்டும் பத்து சதவீதம்போல் கூடும். விண்ணப்பக் கட்டணம் ஆன்லைனில் 1,600 ரூபாய் என்றால் காகிதத்தில் 1,750.

கட்டணம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் பார்த்துவிடலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் எல்லாம் ஒரு தட்டு. மற்ற கம்பெனிகள் இன்னொரு தட்டு, அவர்களுக்கு இதே விண்ணப்பம் 8,000. ஆவணம் 30 பக்கத்தைத் தாண்டினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 160, கோரிக்கைகள் (எதற்கெல்லாம் உரிமை கேட்கிறீர்கள் என்று எண் போட்டு எழுதுபவை) பத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 320. உதாரணமாக 36 பக்கம், 13 கோரிக்கை என்றால் 1,600-உடன் ஒரு 960, இன்னொரு 960, மொத்தம் 3,520. வரைபடத் தாளும் சுருக்கவுரையும் பக்கக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பரிசோதனைக்கான படிவம் 18 தனிநபருக்கு 4,000. 2024 திருத்தத்துக்குப் பின் போட்ட விண்ணப்பமென்றால் முன்னுரிமைத் தேதியிலிருந்து (பொதுவாக இந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) 31 மாதத்துக்குள் அதைக் கட்ட வேண்டும் (முன்பு 48). நீங்கள் கட்டிவிட்டீர்கள், சரி. பட்டறை பெயரில், அதாவது நிறுவனமாக விண்ணப்பித்து, உத்யம் என்னும் சிறுதொழில் பதிவைக் காட்டிச் சலுகை வாங்கியிருந்தால் படிவம் 28 கூட இருக்கிறதா என்று ஆவணப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மீதிக் கட்டணத்தைக் கேட்டு ஒரு நாள் கடிதம் வரும், அதுவும் அதே மெயிலுக்குத்தான்.

இனி ஆன்லைன் தாக்கல். நீங்களே செய்யப் போகிறீர்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பேட்டன்ட் ஆபீஸின் தாக்கல் போர்ட்டலில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்க டிஜிட்டல் கையொப்பம் வேண்டும், கிளாஸ் 3. கிளாஸ் 2-ஐ 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள், யாராவது பழையதை விற்க வந்தால் வாங்காதீர்கள். பென் டிரைவ்போல ஒரு டோக்கனில் வரும். அதன் டிரைவரை இன்ஸ்டால் செய்ய வேண்டும், பின் நம்பரைப் பல முறை தப்பாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். இரண்டு அல்லது மூன்று வருடத்தில் காலாவதியாகும், அந்தத் தேதியையும் காலண்டரில் குறியுங்கள். பதில் போட வேண்டிய கடைசி நாளன்று டோக்கனைச் செருகினால் சான்றிதழ் முந்தின வாரமே முடிந்துபோயிருக்கும். இது நடக்கும், எனக்கே நடந்திருக்கிறது, பக்கத்து ஆபீஸ் நண்பரின் டோக்கன் உதவாது, அது அவர் பெயரில் இருக்கிறது.

ஆவணங்கள் பிடிஎஃப்தான். கைபேசியில் படம் எடுத்துப் பிடிஎஃப் ஆக்காதீர்கள், வேர்டிலிருந்து நேராக மாற்றுங்கள், எழுத்தைத் தேட முடிகிற பிடிஎஃப்பாக இருந்தால் பரிசோதகருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஏ4 தாள், மேலேயும் இடது பக்கமும் 4 சென்டிமீட்டர், கீழேயும் வலது பக்கமும் 3 சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். வரைபடத் தாளில் இடது மேல் மூலையில் விண்ணப்பதாரர் பெயர், வலது மேல் மூலையில் மொத்தத் தாள் எத்தனை, இது எத்தனையாவது தாள் என்பது, வலது கீழ் மூலையில் கையெழுத்து. மொழி இந்தி அல்லது ஆங்கிலம் மட்டுமே. தமிழில் எழுதிக் கொடுக்க முடியாது என்பது எனக்கும் வருத்தம்தான், உங்கள் கருவியின் ஒவ்வொரு உறுப்புக்கும் பட்டறையில் ஒரு பெயர் இருக்கும், அதை ஆங்கிலத்தில் மாற்றும்போது ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் விழாமல் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஏற்றி, கையொப்பமிட்டு, கடைசியில் அரசின் கட்டணத் தளமான பாரத்கோஷ் வழியாகப் பணம் கட்டும் பக்கம் வரும். பணம் போய், ரசீது எண்ணோடு திரை வந்த பிறகுதான் தாக்கல் ஆனதாக அர்த்தம். அதற்கு முன் எத்தனை பச்சை டிக் வந்தாலும் அது வெறும் டிராஃப்ட். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ராத்திரி 11:40-க்கு எல்லாம் முடிந்தது என்று லேப்டாப்பை மூடப் போய், ரசீது எங்கே என்று சீனியர் கேட்ட பிறகுதான் வங்கிப் பக்கம் பாதியில் நின்றிருப்பதைப் பார்த்தேன். கணக்கில் பணம் கழிந்திருந்தது, போர்ட்டலில் ஒன்றுமில்லை. அன்றே கடைசி நாள் என்றால் இரண்டாவது முறை கட்டத் தயங்காதீர்கள், பணத்தை அப்புறம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ரசீதையும் போர்ட்டல் தரும் பிடிஎஃப்பையும் அன்றே இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள்.

ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக விவரக்குறிப்பு மட்டும் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போட்டாக வேண்டும். அது விதியில் உள்ள கெடு இல்லை, சட்டத்திலேயே உள்ள கெடு, படிவம் 4 அங்கே உதவாது.

எஃப்இஆர் வந்திருந்தால் என்ன செய்வது? கடிதத்திலேயே பதிலுக்கான கடைசித் தேதி அச்சிட்டிருக்கும். போர்ட்டலில் அந்த விண்ணப்ப எண்ணின் கீழேயே பதிலை ஏற்ற வேண்டும், புதிய விண்ணப்பமாக அல்ல. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் அதே வரிசையில் பதில் எழுதுங்கள். கோரிக்கைகளைத் திருத்தினால் திருத்தம் தெரியும்படி ஒரு பிரதி, சுத்தமாக ஒரு பிரதி, இரண்டும் வேண்டும். புதிய விஷயம் எதையும் நுழைக்க முடியாது, முதலில் எழுதியதற்குள்ளேதான் சுருக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இதே கண்டுபிடிப்புக்கு விண்ணப்பித்திருந்தால் படிவம் 3-ஐ எஃப்இஆர் வந்த மூன்று மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும், இது 2024-இல் வந்த மாற்றம். ஆறு மாதம் போதாது என்று தோன்றினால் படிவம் 4-இல் மூன்று மாதம் வரை அவகாசம் கேட்கலாம், தனிநபருக்கு மாதம் 480 ரூபாய். ஆனால் அந்த ஆறு மாதம் முடிவதற்குள் கேட்க வேண்டும். ஒரு நாள் தள்ளிக் கேட்டால் 480-இல் முடிய வேண்டியது முன்பு சொன்ன விதி 138 கணக்குக்குப் போய்விடும்.

நெட் இல்லை, கரன்ட் இல்லை என்பதெல்லாம் காரணமாகுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஊர் முழுக்கத் தொடர்பு போனால் ஆகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தனவே, அந்த மாதிரி. விதி 6-இல் இயற்கைச் சீற்றம், வேலைநிறுத்தம், மின்னணுத் தொடர்பு பொதுவாகக் கிடைக்காமல் போவது எல்லாம் இருக்கிறது, நிலைமை சீரானதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்கள் வீட்டு ரீசார்ஜ் தீர்ந்துபோனது அதில் வராது.

பதிலுக்குப் பிறகும் பரிசோதகருக்குத் திருப்தி இல்லையென்றால் ஹியரிங் நோட்டீஸ் வரும், அதுவும் மெயிலில். ஹியரிங் பெரும்பாலும் வீடியோவில்தான், பொள்ளாச்சியில் உட்கார்ந்தே பேசலாம். தள்ளி வைக்க வேண்டுமென்றால் மூன்று நாள் முன்பே கேட்க வேண்டும். ஹியரிங் முடிந்த 15 நாளில் எழுத்துபூர்வமான வாதத்தைப் போர்ட்டலில் ஏற்றுங்கள். பேசினோமே, போதாதா என்று விட்டுவிடாதீர்கள், வாயால் சொன்னதைவிட அந்த ஏற்றிய பக்கங்களை வைத்துத்தான் உத்தரவு எழுதப்படும்.

மெயில் ஐடி பொதுவில் தெரிந்த பிறகு வேறு தொல்லையும் வரும். விண்ணப்பம் பேட்டன்ட் ஆபீஸின் ஜர்னலில் வெளியானதும் (வெள்ளிக்கிழமைதோறும் வரும்) ‘உங்கள் பேட்டன்டைச் சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்க இவ்வளவு கட்டுங்கள்’ என்று முத்திரையெல்லாம் போட்டுக் கடிதம் வரலாம். அரசுக் கட்டணம் எதுவும் போர்ட்டல் வழியாகத்தான், யாருடைய தனிக் கணக்குக்கும் இல்லை. அனுப்பியவர் முகவரி ஜிஓவி.இன் என்றோ என்ஐசி.இன் என்றோ முடிகிறதா பாருங்கள். முடிந்தாலும் அதே கடிதம் இன்பாஸ் ஆவணப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

கடைசியாகக் கிண்டி. போகலாம், வேண்டாமென்று சொல்ல மாட்டேன், ஜிஎஸ்டி சாலையில்தான் இருக்கிறது. ஆனால் பஸ் ஏறிப் போய்க் கேட்டால் ஸ்டேட்டஸைத் திரையில் பார்த்துத்தான் சொல்வார்கள், அதே திரை உங்கள் கைபேசியிலும் இருக்கிறது. கையில் கடிதம் கொடுத்தாலும் அது ஸ்கேன் ஆகி அதே கோப்பில்தான் சேரும். எதையாவது கேட்க வேண்டுமானால் போர்ட்டலில் அந்த எண்ணின் கீழ் கடிதமாக ஏற்றுங்கள், தேதியோடு பதிவில் நிற்கும். ஸ்டேட்டஸ் வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். எஃப்இஆர் வந்திருந்தால் அதன் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.